மைனஸ் 80 ஃப்ரீசரும் அதன் அலாரமும்: அறிகுறி வைத்துப் பழுது தேடுவது

காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்துக்குள் நுழையும்போது இரவுக் காவலர் வாசலிலேயே நிறுத்தினார். “மேடம், ராத்திரி பூரா உள்ள ஏதோ கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல.” என் போனில் ஒரு செய்தியும் இல்லை. ஃப்ரீசர்களின் வெப்பநிலையைக் காட்டும் டேஷ்போர்டைத் திறந்தால் எல்லாம் பச்சை. உள்ளே போய்ப் பார்த்தால், சாம்பிள்களை மைனஸ் 80 டிகிரியில் வைத்திருக்க வேண்டிய மூன்றாவது ஃப்ரீசர் மைனஸ் 52-ல் நிற்கிறது.

பக்கத்தில் காலி ஃப்ரீசர் ஒன்று ஓடிக்கொண்டிருந்ததால் அன்றைக்குத் தப்பித்தோம். ஆனால் என்ன பழுது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. கம்ப்ரசர் ஒரு பக்கம், சென்சார் ஒரு பக்கம், வைஃபை ஒரு பக்கம், போனில் செய்தி வாங்கும் ஆள் ஒரு பக்கம். எங்கே அறுந்தாலும் வெளியே தெரிவது ஏறத்தாழ ஒரே மாதிரிதான். அதற்குப் பிறகு எழுதி ஃப்ரீசர் அறைச் சுவரில் ஒட்டிய குறிப்புகளை விரித்து எழுதியதுதான் இது.

எதையும் கழற்றுவதற்கு முன்

பழுது பார்ப்பது இரண்டாவது வேலை, சாம்பிளைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. கதவைத் திறந்து பார்க்கும் ஆசை வரும், திறக்காதீர்கள். நிரம்பிய ஃப்ரீசர் மூடியே இருந்தால் மெதுவாகத்தான் சூடேறும், நமக்குச் சில மணி நேரம் கிடைக்கும். காலி தட்டுகள் நிறைய இருந்தால் அந்த நேரம் சுருங்கும். இப்போது மணி என்ன, திரையில் என்ன எண் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி எழுதுங்கள். எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் முக்கியம்.

எங்கள் கணக்கு மைனஸ் 60. அதைத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தால் காரணம் தேடுவதை நிறுத்திவிட்டு மாற்ற ஆரம்பிக்கிறோம். ட்ரை ஐஸ் கிடைத்தால் தெர்மோகோல் பெட்டியில் போட்டு நேரம் வாங்கலாம். அது மைனஸ் 78.5-ல் நேராக ஆவியாகிறது. பெட்டியை டேப் சுற்றி இறுக்க மூடக்கூடாது, ஜன்னல் இல்லாத சின்ன அறையில் வைக்கவும் கூடாது. ஆவியாவது கார்பன் டை ஆக்சைடு.

அறிகுறி: வரைபடம் நேர்கோடாகப் போகிறது

பார்க்க அழகாக இருக்கும், நம்பாதீர்கள். சாதாரண ஃப்ரீசரின் வெப்பநிலை ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். கம்ப்ரசர் ஓடினால் இறங்கும், நின்றால் ஏறும். கதவு திறந்த நேரத்தில் முள் மாதிரி ஒரு கூர் தெரியும். வேகம் மாறும் கம்ப்ரசர் உள்ள புது ஃப்ரீசர்களில் பற்கள் சின்னதாக இருக்கும், ஆனால் இல்லாமல் போகாது. ஆறு மணி நேரம் மைனஸ் 79.6 என்று புள்ளி மாறாமல் இருந்தால் நீங்கள் பார்ப்பது வெப்பநிலை அல்ல, கடைசியாக வந்து சேர்ந்த எண்.

அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள மெக்லீன் மருத்துவமனையின் மூளை வங்கியில் 2012-ல் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். ஃப்ரீசரின் வெளித்திரை மைனஸ் 79 என்றே காட்டிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தபோது உள்ளே ஏறத்தாழ 7 டிகிரி, நம் வீட்டு ஃப்ரிட்ஜின் குளிர்தான். இரண்டு அலாரங்கள் இருந்தும் எதுவும் அடிக்கவில்லை. சுமார் 150 மூளைகள் பாதிக்கப்பட்டன. அவற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை ஆட்டிசம் ஆய்வுக்காகச் சேர்த்தவை. திரையும் அலாரமும் ஒரே கட்டுப்பாட்டுப் பெட்டியை நம்பியிருந்தால் அந்தப் பெட்டி சொல்லும் பொய்யை இரண்டுமே திருப்பிச் சொல்லும்.

முதலில், கடைசி அளவு எப்போது வந்தது என்று பாருங்கள். பல டேஷ்போர்டுகள் எண்ணைப் பெரிதாகவும் நேரத்தைச் சாம்பல் நிறத்தில் குட்டியாகவும் காட்டும். எங்கள் கதை இதுதான்: சென்சார்களிடமிருந்து எண்களை வாங்கி அனுப்பும் கேட்வே பெட்டி இரவு 11:40-க்கே தொங்கிப்போயிருந்தது. கடைசி எண் நல்ல எண் என்பதால் பச்சை விளக்கு காலைவரை எரிந்தது. நேரம் சரியாக வந்துகொண்டிருந்தும் எண் மாறவில்லை என்றால் சென்சார் பக்கம் போக வேண்டும். ஃப்ரீசரோடு வராத, தனி பேட்டரியில் ஓடும் வேறொரு தெர்மாமீட்டரின் ப்ரோப்பை (வயர் முனையில் உள்ள, வெப்பநிலையை உணரும் பகுதியை) உள்ளே விட்டு ஒப்பிடுங்கள். இரண்டும் மூன்று டிகிரிக்கு மேல் விலகினால் எது பொய் சொல்கிறது என்று தெரியும்வரை சூடாகக் காட்டுவதையே நம்புங்கள்.

சரிசெய்வது எளிது, ஆனால் பலர் செய்வதில்லை. வெப்பநிலை ஏறினால் அலாரம் என்று வைத்தது போலவே, எண் வராமல் நின்றாலும் அலாரம் என்று ஒரு விதி வையுங்கள். எங்களுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு வருகிறது. தொடர்ந்து மூன்று வரவில்லை என்றால் போன் அடிக்கும்.

அறிகுறி: ஃப்ரீசர் ஒரு எண், லாகர் வேறு எண்

லாகர் என்பது வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவு செய்யும் தனிக் கருவி. இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இடத்தால் வரும். மேல் தட்டும் கதவோரமும் எப்போதும் கொஞ்சம் சூடு. காற்றில் தொங்கும் ப்ரோப் கதவு திறந்ததும் துள்ளும். குப்பியில் கண்ணாடி மணிகளை நிரப்பி அதற்குள் வைத்த ப்ரோப் நிதானமாக நகரும், சாம்பிளும் அப்படித்தான் நகர்கிறது. சாதாரண ஃப்ரிட்ஜுக்குப் பயன்படுத்தும் கிளைகால் குப்பியை மைனஸ் 80-க்குக் கொண்டுவர வேண்டாம், உறைந்து இறுகிவிடும்.

வித்தியாசம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் மல்டிமீட்டரை எடுங்கள். பெரும்பாலான ப்ரோப்கள் பிடி-100 வகை, அதாவது குளிரக் குளிர மின்தடை குறையும் பிளாட்டினம் சென்சார். பூஜ்ஜியம் டிகிரியில் 100 ஓம், மைனஸ் 70-ல் 72.33, மைனஸ் 80-ல் 68.33. அதாவது அந்தக் குளிரில் ஒரு டிகிரிக்கு 0.4 ஓம். இரண்டு வயர் மட்டும் உள்ள ப்ரோப்பில் வயரின் சொந்தத் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும்: ஒரு ஓம் கூடினால் இரண்டரை டிகிரி சூடாகக் காட்டும். யாராவது ஒயரை நீட்டி ஒட்டுப் போட்டிருக்கிறார்களா, திருகு முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊர்களில் இரண்டு மழைக்காலம் போதும், பச்சை பூத்துவிடும். மூன்று அல்லது நான்கு வயர் ப்ரோப் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

எதிர்ப்பக்கம்தான் ஆபத்து. ப்ரோப்பின் உறைக்குள் ஈரம் இறங்கினால் மின்சாரம் பக்கவாட்டில் கசிந்து தடை குறைவாகத் தெரியும், உண்மையில் இருப்பதைவிடக் குளிராகக் காட்டும். சூடாகக் காட்டும் சென்சாரால் தூக்கம்தான் போகும். குளிராகக் காட்டும் சென்சார் சாம்பிளைக் கொண்டுபோய்விடும். வயர் முழுக்க அறுந்தால் எண் நூற்றுக்கணக்கில் எகிறும், ஷார்ட் ஆனால் மைனஸ் 200-க்குக் கீழே போகும். இவை இரண்டும் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

அறிகுறி: காரணமே இல்லாமல் அடிக்கடி அலாரம்

இதைச் சின்னத் தொல்லை என்று விடாதீர்கள். அடிக்கடி கத்தும் அலாரத்தை யாராவது ஒருநாள் அணைத்தே தீருவார்கள். நியூயார்க் மாநிலத்தில் ட்ராய் நகரின் ரென்சிலேர் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் 2020 செப்டம்பரில் ஒரு ஃப்ரீசர் மைனஸ் 80-லிருந்து மைனஸ் 78-க்கு ஏறி கீச்சிட ஆரம்பித்தது. கொரோனா காலம் என்பதால் பழுது பார்க்க ஆள் வர நாளாகும். சத்தத்தை மட்டும் எப்படி நிறுத்துவது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதையும் மீறி, துப்புரவுப் பணியாளர் ஒருவர் உதவுவதாக நினைத்து பிரேக்கரை அணைத்துவிட்டார். மைனஸ் 32 வரை ஏறியது. இருபது வருட ஆய்வு போனதென்று சொல்லி, பத்து லட்சம் டாலருக்கு மேல் கேட்டுத் துப்புரவு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். என்னைக் கேட்டால் பாதித் தவறு அந்தப் பிரேக்கரை எவரும் தொடும்படி விட்டதில்தான். பிரேக்கர் பெட்டிக்குப் பூட்டு என்ன பெரிய செலவா?

அலாரம் எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பகலில், ஆள் நடமாட்டத்தோடு வந்தால் கதவுதான். அலாரத்துக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடத் தாமதம் வையுங்கள். கதவு திறந்து மூடிய துள்ளல் அதற்குள் அடங்கும். எல்லையையே மைனஸ் 60-க்குத் தூக்கி வைப்பது சோம்பேறி வழி. மதியம் இரண்டு மூன்று மணிக்கு மட்டும் வந்தால் அறைச் சூடு, இல்லையென்றால் கண்டென்சர் வடிகட்டியில் தூசி. அதைக் கழற்றித் தட்டினால் போர்வை மாதிரி உரிந்து வரும். இரவு பகல் பாராமல் வந்தால் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் காற்று போகிறது. பெரும்பாலும் ரப்பர் கிழிந்திருக்காது, ஓரத்தில் பனி கட்டி மூட விடாமல் தடுத்திருக்கும். பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கத்தியை மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

அறிகுறி: அறையில் அலாரம் அடித்தது, போனுக்கு வரவில்லை

அமெரிக்காவில் க்ளீவ்லேண்டில் உள்ள ஒரு கருத்தரிப்பு மையத்தில் 2018 மார்ச் 4 வார இறுதியில் 4,000-க்கும் மேற்பட்ட கருமுட்டைகளும் கருக்களும் வீணாயின. ஆளில்லாத நேரத்தில் ஊழியர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டிய தொலை அலாரம் அணைக்கப்பட்டிருந்தது. அணைத்தது யார், எப்போது என்பதே மருத்துவமனைக்குத் தெரியவில்லை. ஆகவே முதல் கேள்வி: செய்தி கிளம்பியதா? மென்பொருளின் அலாரப் பட்டியலில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

பதிவே இல்லையென்றால் ஃப்ரீசரின் பின்னால் உள்ள தொலை அலாரம் முனைகளுக்குப் போங்கள். மூன்று திருகுகள் இருக்கும்: ஒன்று பொது, மற்ற இரண்டில் ஒன்று சாதாரண நிலையில் மூடியும் ஒன்று திறந்தும் இருக்கும். மின்சாரம் போனாலோ வயர் அறுந்தாலோ தானாகவே அலாரம் ஆகும் ஜோடியைத்தான் எடுக்க வேண்டும். மாற்றி இணைத்தால் ஃப்ரீசர் சூடேறும்போது சொல்லும், கரண்ட் போனால் வாயைத் திறக்காது. எங்கள் மூன்றாவது ஃப்ரீசரில் இணைப்பு இப்படி மாறியிருந்ததோடு வயர் ஒன்று திருகிலிருந்து கழன்றும் கிடந்தது. சரியான ஜோடியில் இருந்திருந்தால் அது கழன்ற நாளே சொல்லியிருக்கும். எந்த ஜோடி என்பதைக் கையேட்டை மட்டும் நம்பாமல், பிளக்கை ஒரு நிமிடம் பிடுங்கி மீட்டரில் பாருங்கள். ஒரு நிமிடத்தில் சாம்பிளுக்கு ஒன்றும் ஆகாது.

பதிவு இருந்து எஸ்எம்எஸ் மட்டும் வரவில்லையா? நம் ஊரில் மூன்று காரணங்கள். ஒன்று, இணைய வழி எஸ்எம்எஸ் சேவை என்றால் செய்தியின் வாசகம் டிஎல்டி முறையில் (தொலைபேசி நிறுவனங்கள் வைத்திருக்கும் எஸ்எம்எஸ் பதிவேட்டில்) பதிவாகியிருக்க வேண்டும். 2021-லிருந்து பதிவில்லாத வாசகம் வழியிலேயே நிறுத்தப்படுகிறது. யாரோ ‘ஃப்ரீசர் 3’ என்பதை ‘ஃப்ரீசர் 3, இரண்டாம் மாடி’ என்று திருத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். இரண்டு, பெட்டிக்குள் சிம் இருந்தால் ரீசார்ஜ் காலாவதி. யாரும் பேசாத சிம்மை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? காலண்டரில் குறித்து வையுங்கள். மூன்று, பழைய 2ஜி மோடத்தில் ஜியோ சிம். அந்த நெட்வொர்க்கில் 2ஜியே கிடையாது.

செய்தி போய்ச் சேர்ந்தும் எவரும் வரவில்லை என்றால் அது வயர் பிரச்சினை இல்லை. பட்டியலில் முதல் பெயர் போன வருடம் படிப்பு முடித்துப் போன மாணவருடையதாக இருக்கும், இரண்டாமவர் போன் இரவில் சைலன்டில் இருக்கும். எங்களிடம் இப்போது மூன்று பேர். ஒருவர் பத்து நிமிடத்தில் ஏற்கவில்லை என்றால் அடுத்தவருக்குக் குரல் அழைப்பே போகும். காவலர் அண்ணனிடமும் இரண்டு எண்கள் எழுதிய அட்டை இருக்கிறது. மொத்த ஏற்பாட்டிலும் நான் அதிகம் நம்புவது அந்த அட்டையைத்தான். மாதம் ஒருமுறை, யாருக்கும் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை ஒரு ப்ரோப்பை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு யார் முதலில் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கிறேன்.

அறிகுறி: கரண்ட் போய் வந்தபின் சென்சார் ஆஃப்லைன்

ஃப்ரீசர் ஜெனரேட்டரில் இருக்கும், லாகர் பேட்டரியில் இருக்கும், ஆனால் நடுவில் உள்ள ரூட்டரும் ஸ்விட்சும் சாதாரண பிளக்கில் இருக்கும். ஆபத்து வரும் அந்த நேரத்தில்தான் தகவலும் நிற்கிறது. ரூட்டர், ஸ்விட்ச், கேட்வே மூன்றையும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் போடுங்கள். கரண்ட் வந்தபின்னும் இணையவில்லை என்றால், ரூட்டர் எழுந்திருக்கும் முன்பே சென்சார் தேடிவிட்டு ஓய்ந்துபோயிருக்கலாம். அணைத்துப் போட்டால் சரியாகும். அதற்கும் மசியவில்லையா? ஐடி பிரிவு வைஃபை பாஸ்வேர்டை மாற்றியிருக்கும், அல்லது 2.4 கிகாஹெர்ட்ஸை நிறுத்தியிருக்கும். இந்தச் சின்னக் கருவிகளில் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. சென்சார் முழுதையும் ஃப்ரீசருக்குள் வைத்திருந்தால் எதைச் செய்தும் பயனில்லை. எஃகுப் பெட்டிக்குள்ளிருந்து சிக்னல் வெளியே வராது, பேட்டரியும் அந்தக் குளிரில் சாகும். ப்ரோப் மட்டும் உள்ளே, கருவி வெளியே.

கரண்ட் வந்ததும் ஃப்ரீசர் எண் இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் உடனே பதறாதீர்கள். இந்த வகை ஃப்ரீசரில் பெரும்பாலும் இரண்டு கம்ப்ரசர்கள். முதலாவது இடைநிலையைக் குளிரவைத்த பிறகுதான் இரண்டாவது கிளம்பும். எல்லா ஃப்ரீசர்களும் ஒரே நொடியில் கிளம்பினால் பிரேக்கர் விழும். கிளம்பும் தாமதத்தை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக வையுங்கள்.

அறிகுறி: பதிவின் நேரம் நம் நேரத்தோடு ஒட்டவில்லை

சரியாக ஐந்தரை மணி நேரம் பிந்தியிருந்தால் பழுதே இல்லை, கருவி உலக நேரத்தில் எழுதுகிறது. 1970 ஜனவரி 1 என்று காட்டினால் உள்ளே கடிகார பேட்டரி தீர்ந்திருக்கிறது. கடிகாரம் தவறினால் சர்வருடனான பாதுகாப்புச் சான்றிதழும் ஏற்காமல் போகும், அப்போது ஆஃப்லைன் என்றே தெரியும். நெட்வொர்க்கில் நேரம் வாங்கும் 123-ஆம் போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருக்கிறதா என்று கேளுங்கள்.

அறிகுறி: செட் வெப்பநிலை மாறியிருக்கிறது, மாற்றியது யாரென்று தெரியவில்லை

தொண்ணூறு சதவீதம் நம்மாட்கள்தான் என்பது என் அனுமானம். தோளோ கையோ பட்டு திரை மாறியிருக்கும். திரைப் பூட்டைப் போடுங்கள். மீதிக்கு, அதாவது வெளியாள் நெட்வொர்க் வழியாக வந்து மாற்றியிருப்பதற்கு, தயாராக இருக்க வேண்டும். ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள், தடயம் அழிந்துவிடும். முதலில் நிகழ்வுப் பதிவை வெளியே எடுத்து வையுங்கள். செட் வெப்பநிலையைக் கையால் பழையபடி வைத்துவிட்டு நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். குளிரூட்டுவதற்கு இணையம் தேவையில்லை, ஃப்ரீசர் பாட்டுக்கு ஓடும். கேபிளை மறுபடி மாட்டும்வரை கண்காணிப்பு இல்லாததால் மணிக்கொரு முறை ஒருவர் எழுதிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் இவற்றைப் பாருங்கள். கருவியோடு வந்த பாஸ்வேர்டு இன்னும் 1234-ஆ? ‘லேப்’ என்ற ஒரே கணக்கை எட்டுப் பேர் பயன்படுத்துகிறார்களா? அப்படியென்றால் பதிவில் ‘லேப்’ மாற்றியது என்றுதான் இருக்கும், யாரென்று கேட்பதில் பொருளில்லை. சர்வீஸ்காரர் தொலைவிலிருந்து பார்க்க யாராவது ரூட்டரில் போர்ட் திறந்து விட்டார்களா? எங்கள் வளாகத்தில் ஒரு கருவி அப்படித்தான் இணையத்தில் எவரும் எட்டும்படி எட்டு மாதம் கிடந்தது. மோட்பஸ் (கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பழைய மொழி) பேசும் 502-ஆம் போர்ட்டுக்குக் கடவுச்சொல்லே கிடையாது. எட்ட முடிந்தவர் மாற்ற முடியும். சென்சார்களை அலுவலகக் கணினிகளிலிருந்து தனி விலானில் (அதே நெட்வொர்க்குக்குள் பிரித்து வைக்கும் தனிப் பகுதியில்) பிரிக்கச் சொல்லுங்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கி இரண்டு வாரம்போல் எல்லாம் காகிதத்தில் ஓடியதே, அப்படி ஒரு நாள் வந்தால் எந்தப் பெட்டி எந்தத் தட்டில் என்ற பட்டியல் உங்களிடம் அச்சில் இருக்கிறதா? நோயாளியின் பெயர் இல்லாமல், எண் மட்டும் போட்ட பட்டியல்.

அறிகுறி: நைட்ரஜன் தொட்டியின் மட்டக் கருவி தவறாகக் காட்டுகிறது

திரவ நைட்ரஜனை நிரப்பி மைனஸ் 196-ல் சாம்பிளை வைக்கும் தொட்டிக்குக் கம்ப்ரசர் இல்லை, கரண்ட் போனால் கவலையில்லை, நைட்ரஜன் வற்றினால்தான் கவலை. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 2023 கிறிஸ்துமஸ் விடுமுறையில் 16 தொட்டிகளுக்குப் போகும் நைட்ரஜன் நின்றது. நான்கு நாள் தாங்கும் தொட்டிகள். ஐந்து நாள் கவனிக்கப்படாமல் கிடந்தன. இழப்பு 50 கோடி க்ரோனா என்று மதிப்பிட்டார்கள். க்ளீவ்லேண்ட் சம்பவம் நடந்த அதே 2018 மார்ச் 4 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் இன்னொரு மையத்தின் தொட்டியும் பழுதானது; மட்டம் காட்டும் கருவி கோளாறு செய்கிறதென்று அதை முன்பே கழற்றி வைத்திருந்தார்கள்.

ஆகவே கருவி பொய் சொன்னால் கழற்றிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். மாற்றுக் கருவி வரும்வரை காலையும் மாலையும் குச்சியால் அளந்து, அளந்தவர் கையெழுத்தோடு எழுதுங்கள். மரக் குச்சியோ கெட்டிப் பிளாஸ்டிக்கோ அடிவரை விட்டு, சில நொடி வைத்து, வெளியே எடுத்துக் காற்றில் ஆட்டினால் நனைந்த உயரம்வரை வெள்ளையாகப் பனி பூக்கும். அதை ஸ்கேலால் அளக்க வேண்டும். நேற்றைவிட வழக்கத்துக்கு மேல் குறைந்திருந்தால் தொட்டியின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஈரமோ பனியோ இருந்தால் வெற்றிடச் சுவர் போய்விட்டது, சாம்பிளை அன்றைக்கே மாற்றுங்கள். உள்ளே ஓட்டையான குழாயை மட்டும் அளக்க விடாதீர்கள், திரவம் அதன் வழியாகப் பீய்ச்சி முகத்துக்கு வரும்.